புறாக் கதைக்குச் சான்று எங்கே?

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு கதை பெருவழக்காக இருந்தது. நபிகள் நாயகம் ஒரு புறாவைப் பழக்கித் தம் காதருகே வந்தமரச் செய்தார் என்றும், அதனை வானிலிருந்து செய்தி கொணரும் தூதர் என மக்களை நம்பவைத்தார் என்றும் அக்கதை கூறிற்று. டச்சு நாட்டுச் சட்டப் பேரறிஞர் ஹூகோ குரோஷியஸ், கிறித்தவ சமயத்தின் உண்மையை நிறுவுதற்கென எழுதி 1627இல் வெளியிட்ட இலத்தீன் நூலில் இக்கதைக்கும் இடமளித்தார். ஆக்ஸ்போர்டின் அரபுப் பேராசிரியர் எட்வர்டு போக்காக் அந்நூலை அரபியில் பெயர்க்க விழைந்தபோது, நூலாசிரியரிடம் ஒரே ஒரு வினாவை எழுப்பினார்: இதற்குச் சான்று எங்கே? சான்று ஏதுமில்லை என்பதைக் குரோஷியஸ் ஒப்புக்கொண்டார். 1660இல் வெளிவந்த அரபுப் பெயர்ப்பில் புறாக் கதை இடம்பெறவில்லை.

போக்காக் இஸ்லாத்தின்பால் சாய்ந்தவர் அல்லர். அவர் ஒரு கிறித்தவக் குரு. அலெப்போ நகரில் ஆங்கில வணிகர்களுக்குச் சமயப் பணி செய்து, அங்கேயே அரபு பயின்றவர். கிறித்தவத்தை முஸ்லிம்களிடம் கொண்டுசெல்வதே அம்மொழிபெயர்ப்பின் நோக்கம். ஆயினும் கதையை அவர் நீக்கினார். இலத்தீனில் இலத்தீன் வாசகர்க்கு எழுதும்போது நாணமின்றிச் சொல்லக்கூடியதாக இருந்த ஒன்று, அரபியில் அரபு வாசகர் முன் வைக்கப்படும்போது சொல்ல இயலாததாகிவிட்டது. விமரிசிக்கப்படுவோர் படிக்கப் போகிறார்கள் என்னும் உணர்வே விமரிசகனைச் சான்று தேட வைத்தது. ஒரு சமயத்தை அதற்குப் புறத்தே நிற்போர் நேர்மையாக ஆராய்வது எங்ஙனம் என்னும் நெடிய வழக்கின் சாரம் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது எனலாம்.

மறுப்பதற்காகக் கற்ற கல்வி

ஐரோப்பாவில் திருக்குர்ஆனின் முதல் முழு இலத்தீன் ஆக்கம் 1143இல் நிறைவெய்தியது. குளூனி மடத்துத் தலைவர் பீட்டர், 1142இல் ஸ்பெயின் சென்றபோது ஆங்கிலேயரான கெட்டன் நகர் இராபர்ட்டைக் கொண்டு இதனைச் செய்வித்தார். சிலுவைப் போர்கள் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், படைக்கலத்தால் அன்றிச் சொல்லால் எதிர்கொள்ள வேண்டும் என்று பீட்டர் கருதியது குறிப்பிடத்தக்கது. எனினும் நூலின் தலைப்பே நபிகளைப் பொய்த் தீர்க்கதரிசி எனச் சுட்டியது. தீர்ப்பு எழுதிய பின்னரே விசாரணை தொடங்கியது.

நான்கு நூற்றாண்டுகள் கழித்து, 1543இல் பேசல் நகரில் இவ்வாக்கம் அச்சேறியபோது நகர மன்றம் அதனைத் தடுத்தது; மார்ட்டின் லூதர் பரிந்து எழுதிய பின்னரே தடை நீங்கியது. லூதரின் கருத்தும் மறுப்பதற்காகவே படிக்க வேண்டும் என்பதுதான். ஆனால் மறுப்பதற்காகக் கற்பதிலும் ஒரு வளர்ச்சி உண்டு. 1698இல் பதுவா நகரில் லூதோவிக்கோ மராச்சி வெளியிட்ட பதிப்பு இதற்குச் சான்று. போப்பாண்டவர் பதினோராம் இன்னொசென்டுக்குப் பாவமன்னிப்புக் குருவாக இருந்த மராச்சி, அரபு மூலத்தையே அச்சிட்டு, இலத்தீன் பெயர்ப்பும் தந்து, சமக்ஷரீ, பைளாவீ முதலிய முஸ்லிம் உரையாசிரியர்களின் விளக்கங்களை எடுத்துக்காட்டிய பின்னரே தம் மறுப்பை எழுதினார். எதிர்க்கட்சியின் கொள்கையை அக்கட்சியின் நூல்வழியே முதலில் நிறுத்திப் பின்னர் மறுக்கும் முறை இது. நம் சமய நூன்மரபு பரபக்கம் எனப் பெயரிட்டுப் போற்றிய முறைக்கு நெருக்கமானது.

மராச்சியின் உழைப்பின்மீது நின்றே இலண்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் சேல் 1734இல் தம் ஆங்கிலப் பெயர்ப்பை வெளியிட்டார். மறுப்புகளை அவர் விட்டுவிட்டார், விளக்கங்களை வைத்துக்கொண்டார். நபிகள் இறைத்தூதர் என்பதைச் சேல் ஏற்கவில்லை. ஆயினும் அரேபியர்க்குச் சட்டம் அளித்தவர் என்ற முறையில் மதிப்புக்குரியவர் என்றார். வசைச்சொல் வாதமாகாது என்னும் தெளிவு அவர் எழுத்தில் தோன்றிவிட்டது.

புகழ்ச்சியும் நேர்மையும்

வசை குறைந்தவிடத்தில் நேர்மை தானே வந்துவிடுமா? தாமஸ் கார்லைல் 1840 மே 8ஆம் நாள் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவு இவ்வினாவை எழுப்புகிறது. நபிகளை வஞ்சகர் என்பது இனியும் நிற்காது என்று அவர் முழங்கினார். போக்காக்கின் வினாவையும் குரோஷியசின் விடையையும் அவையோர்க்கு நினைவூட்டினார். இச்சொற்பொழிவு முஸ்லிம் உலகில் இன்றளவும் நன்றியுடன் நினைக்கப்படுகிறது.

ஆனால் கார்லைல் அரபு அறியாதவர். சேலின் பெயர்ப்பு வாயிலாகவே திருக்குர்ஆனைப் படித்தார். படிக்கக் கடினமான, ஒழுங்கற்ற நூல் என்றும் அதே மேடையில் கூறினார். ஓதக் கேட்டு உள்ளம் நெகிழ்வோர் கோடிக்கணக்கில் இருக்க, ஒரு பெயர்ப்பின் உரைநடையைக் கொண்டு மூலத்தின் இலக்கியத் தகுதிக்குத் தீர்ப்பு வழங்கினார். மொழியறியாதான் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் இரண்டும் அவனுடைய கற்பனையின் மீதே எழுகின்றன. கவிதையை மொழிபெயர்ப்பில் மட்டும் படித்து மதிப்பிடுவதன் அபாயத்தைக் கவிஞர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

நூலுக்கு நூலால் விடை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு இந்தியாவிற்கு வந்தது. வங்காள ஆட்சிப்பணி அலுவலரான வில்லியம் மியூர், கிறித்தவத் தொண்டர் ஃபாண்டரின் தூண்டுதலால் நபிகளின் வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதி 1858 முதல் 1861 வரை வெளியிட்டார். இப்னு ஹிஷாம், இப்னு சஅத், தபரீ ஆகிய தொன்மையான அரபு வரலாற்றாசிரியர்களை அவர் நேரடியாகப் பயன்படுத்தினார். திருக்குர்ஆனின் மூலபாடம் மாறாமல் வந்துள்ளது என்பதைத் திட்டவட்டமாக ஏற்றார். இத்துணைக் கல்வியும் உடைய அவரே, நபிகளின் அகத்தூண்டுதலுக்குச் சாத்தானின் பங்கு காரணமாகலாமோ என்னும் ஐயத்தையும் எழுப்பினார். இஸ்லாம் நாகரிகத்திற்கும் உண்மைக்கும் பகை என்னும் முடிவுக்கும் வந்தார். வரலாற்றாசிரியனின் அளவுகோலும் சமயப் பரப்புநரின் அளவுகோலும் ஒரே நூலில் மாறிமாறிக் கையாளப்பட்டன.

இந்நூலைப் படித்து வருந்தியவர்களுள் ஒருவர் சையத் அகமது கான். அவர் ஆங்கில அரசின் நீதித்துறை அலுவலர். மியூரோ 1868 முதல் அவருடைய மாகாணத்திற்கே துணைநிலை ஆளுநர். கண்டனக் கூட்டம் கூட்டுவதோ, தடை கோருவதோ அவர் தேர்ந்த வழியன்று. 1869இல் இலண்டன் சென்று, அங்குள்ள நூலகங்களில் ஏடுகளைத் தேடிப் படித்து, ஆங்கிலம் நன்கறியாத நிலையில் தம் உருதுக் கட்டுரைகளை ஆங்கிலமாக்குவித்து, பெரும் பணமுடைக்கிடையே 1870இல் அந்நகரிலேயே அச்சிட்டு வெளியிட்டார்.

அவருடைய விடை இரண்டு தூண்களின்மீது நிற்கிறது. ஒன்று, மியூர் பெரிதும் நம்பிய வாகிதீ என்னும் வரலாற்றாசிரியரின் செய்திகள் நம்பத்தகாதவை என்று முஸ்லிம் நபிமொழி ஆய்வாளர்களே பழங்காலத்தில் விலக்கிவைத்தனர் என்பது. அயலான் ஒரு மரபின் ஏடுகளை எடுத்துக்கொண்டு, அவ்வேடுகளைச் சலித்தெடுக்க அம்மரபு உருவாக்கிய சல்லடையை விட்டுவிடலாகாது. மற்றொன்று, மோசேக்கும் இயேசுவுக்கும் பொருத்த விரும்பாத அளவுகோலை நபிகளுக்கு மட்டும் பொருத்துவது முறையன்று என்பது. இவ்வாறு கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. அதற்கு முன்பே, 1862 முதல், கிறித்தவ விவிலியத்துக்கு மதிப்புணர்வோடு ஒரு விளக்கவுரை எழுதத் தொடங்கியவர் அவர். தாமே பிறிதொரு சமயத்தின் அயலாராக நின்று எங்ஙனம் படிப்பது என்பதைச் செய்துகாட்டிய பின்னரே மியூரிடம் அதனைக் கோரினார்.

இவ்வழக்கு பகைமையில் முடியவில்லை. சையத் அகமது கானின் கல்வி முயற்சிகளுக்கு மியூர் ஆதரவாகவே இருந்தார். எனினும் ஆள்வோனும் ஆளப்படுவோனும் சமநிலையில் வாதிட்டனர் என்று கொள்ளலாகாது. ஒருவர் கருத்துக்கு ஆட்சிப் பீடம் துணை; மற்றவர் கடல் கடந்து, கடன்பட்டு, வேற்று மொழியில் பேசினால்தான் அவர் குரல் கேட்கும். இந்த ஏற்றத்தாழ்வை மறந்து ஆய்வின் நேர்மையைப் பேச இயலாது.

ஒரே இதழில் இரு குரல்

1883 மார்ச் 29ஆம் நாள் பாரிசின் சோர்போன் மண்டபத்தில் எர்னஸ்ட் ரெனான் ஓர் உரை நிகழ்த்தினார். இஸ்லாமும் அறிவியலும் ஒன்றுக்கொன்று ஒவ்வா. அரபு அறிவியல் எனப்படுவது பெரும்பாலும் அரேபியர் அல்லாதாரின் ஆக்கம் என்பன அவர் கூற்றுகள். அப்போது பாரிசில் இருந்த ஜமாலுத்தீன் ஆப்கானியின் விடை, ரெனான் உரையை வெளியிட்ட அதே நாளிதழில் மே 18ஆம் நாள் வெளியாயிற்று.

அவ்விடை தற்காப்பாக மட்டும் அமையவில்லை. முஸ்லிம் நாடுகளில் சமயம் அறிவுத் தேட்டத்தை ஒடுக்கியதுண்டு என ஆப்கானி ஒப்பினார். ஆனால் அது இஸ்லாத்திற்கு மட்டும் உரிய குற்றமா என வினவினார். கிறித்தவம் பல நூற்றாண்டுகள் முன்னே தோன்றியது. அது நடந்து கடந்த வழியை இஸ்லாமும் ஒருநாள் கடக்கும் என்றார். இன இயல்பைக் கொண்டு அறிவை அளக்கும் ரெனானின் முறையை அவர் ஏற்கவில்லை. மறுநாளே ரெனான் மறுமொழி எழுதினார். இபுனு ருஷ்தை இஸ்லாம் நடத்தியதைவிடக் கலீலியோவைக் கத்தோலிக்கம் நன்றாக நடத்திவிடவில்லை என்பதை ஏற்றுக்கொண்டார். துருக்கிய எழுத்தாளர் நாமிக் கமால் இதே உரைக்கு விரிவான மறுப்பு எழுதினார்.

சமயத்தைக் குறித்த விமரிசனம் இனத்தைக் குறித்த இழிவுரையாக வழுக்கி விழும் இடம் ரெனானின் உரையில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு கொள்கையை மறுக்கலாம். அதனைப் பின்பற்றுவோரின் பிறப்பை அதற்குக் காரணமாக்கலாகாது. அந்த எல்லைக்கோடு இன்றும் அடிக்கடி அழிக்கப்படுகிறது.

அசுஹரின் அயல் மாணவர்

ரெனானின் இனக் கோட்பாட்டை முன்பே மறுத்திருந்தவர் அங்கேரியைச் சேர்ந்த யூத அறிஞர் இக்னாஸ் கோல்ட்சிஹர். செமித்திய மக்களுக்குத் தொன்மக் கற்பனை இல்லை என்ற ரெனானின் கூற்றுக்கு எதிராக 1876இல் நூல் எழுதியவர் அவர். 1873-74இல் தமாஸ்கசும் கெய்ரோவும் சென்று, புகழ்பெற்ற அல்அசுஹர் கல்விநிலையத்தில் முஸ்லிம் ஆசான்களிடம் பாடம் கேட்டார். தாய்நாட்டில் யூதர் என்பதால் நெடுங்காலம் ஊதியப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. யூதச் சமுதாயத்தின் செயலாளராகப் பணியாற்றிக்கொண்டே ஆய்வு செய்தார். 1905இல்தான் அப்பதவி வந்தது.

இஸ்லாத்தின்பால் ஆழ்ந்த மதிப்புக்கொண்ட இவரே மிகக் கூர்மையான விமரிசனத்தையும் முன்வைத்தார் என்பது எண்ணத்தக்கது. 1889-90இல் வெளியான தம் ஆய்வில், நபிமொழிகளுட் பல நபிகளின் காலத்தைக் காட்டிலும் பிற்காலத்துச் சமய, அரசியல் பூசல்களையே பிரதிபலிக்கின்றன என வாதிட்டார். இது மியூரின் வசைகளைவிட முஸ்லிம் மரபின் அடித்தளத்தை நெருங்கித் தொட்ட கருத்து. ஜோசப் சாக்த் 1950இல் இதனை மேலும் விரித்தார்.

இதற்கு விடையும் ஆய்வாகவே வந்தது. முஸ்தபா அசமீ கேம்பிரிட்ஜில் ஆய்ந்து 1968இல் வெளியிட்ட நூல், நபிமொழிகள் தொடக்கக் காலத்திலேயே எழுத்தில் பதிவாயின என நிறுவ முற்பட்டது. துருக்கிய அறிஞர் ஃபுவாத் செசுகினும், பாப்பிரசு ஏடுகளை ஆராய்ந்த கிறித்தவ அறிஞர் நபியா அபட்டும் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள் இதே திசையில் சென்றன. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் ஒரு பக்கத்தில் முஸ்லிம்கள், மறுபக்கத்தில் அயலார் என்னும் பிரிவு அதில் இல்லை. சான்றுக்குச் சான்று எதிர்நிற்கிறது.

அகமும் புறமும் கலந்த இடம்

உள்ளிருப்போர் காப்பர், வெளியிலிருப்போர் தாக்குவர் என்னும் எளிய பாகுபாடு அரபுக் கவிதை பற்றிய வழக்கில் முற்றிலும் உடைந்தது. போக்காக் வகித்த அதே ஆக்ஸ்போர்டு இருக்கையில் அமர்ந்திருந்த மார்கோலியத், இஸ்லாத்திற்கு முந்தியன எனப்படும் அரபுப் பாடல்கள் பிற்காலப் புனைவுகள் என 1925இல் எழுதினார். அடுத்த ஆண்டே எகிப்தில், அல்அசுஹரில் பயின்ற தாஹா ஹுசைன், அப்பாடல்களுட் பெரும்பாலானவை பிற்காலத்தன என்று நூல் வெளியிட்டார். திருக்குர்ஆனின் அருஞ்சொற்களுக்குப் பொருள் காண உரையாசிரியர்கள் துணைக்கொண்டவை அப்பாடல்களே ஆதலின் கிளர்ச்சி எழுந்தது, நூல் திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் தொடரப்பட்டது. விசாரித்த அரசு வழக்கறிஞர், ஆசிரியரின் கருத்துகள் சிலவற்றைக் குறைகூறியபோதிலும், நோக்கம் ஆய்வே எனக் கொண்டு 1927இல் வழக்கைக் கைவிட்டார்.

பின்னர் அப்பாடல்களின் தொன்மைக்கு வலுவூட்டியோருள் ஒருவர் அமெரிக்கர் ஜேம்ஸ் மன்றோ. வாய்மொழிப் பாடலின் வாய்பாட்டுத் தொடர்கள் அவற்றில் நிரம்பியுள்ளமையை 1972இல் எடுத்துக்காட்டினார். சங்கப் பாடல்களுக்கு க. கைலாசபதி 1968இல் பொருத்திக்காட்டிய வாய்மொழிக் கோட்பாடே அது. ஐயுற்றவர் உள்ளிருந்தவர், துணைநின்றவர் வெளியிலிருந்தவர். ஆய்வுமுறை இருவர்க்கும் பொது.

ஒப்புதலும் தடையும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கு கோட்பாடாக உருப்பெற்றது. லாகூரில் ஆசிரியராக இருந்த கனடா அறிஞர் வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித், ஒரு சமயத்தைப் பற்றிய கூற்றை அச்சமயத்தார் ஏற்றுக்கொள்ள முடியாதெனின் அக்கூற்று செல்லாது என்னும் கருத்தை 1959இல் முன்வைத்தார். மான்ட்ரியலில் 1952இல் அவர் நிறுவிய இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தில் ஆசிரியரும் மாணவரும் பாதிப்பேர் முஸ்லிம்களாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தன்னைப் பற்றிய விவாதத்தில் இருக்கை இல்லாதிருந்த சமுதாயத்திற்கு இருக்கை அளித்த ஏற்பாடு இது.

ஆனால் ஸ்மித்தின் விதியை எழுத்துக்கு எழுத்து ஏற்றால் வரலாற்றாய்வு நின்றுவிடும். நம்புவோர் ஒரே குரலில் பேசுவதில்லை. சையத் அகமது கானையே சமய விரோதி எனத் தீர்ப்பளித்த அறிஞர்கள் அவர் காலத்திலேயே இருந்தனர். யாருடைய ஒப்புதல் வேண்டும்? பிரெஞ்சு அறிஞர் மக்சீம் ரொதன்சன் 1961இல் எழுதிய நபிகள் வரலாற்றைக் கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1998இல் எதிர்ப்பின் காரணமாகப் பாடத்திலிருந்து நீக்கியது. ஒப்புதல் வேண்டும் என்னும் நல்ல விதி தடைச்சட்டமாகும் பாதை நீண்டதன்று. நம்புவோர் தம்மை அடையாளம் காணுமாறு அவர்தம் நம்பிக்கையை எடுத்துரைப்பது ஆய்வாளன் கடமை. தன் முடிவுக்கு அவர்களின் இசைவைப் பெறுவது அவன் கடமையன்று.

1978இல் எட்வர்டு சையத், கீழைத்தேய ஆய்வு என்பது ஆதிக்கத்தின் கருவியாக இயங்கியதை விரிவாக எடுத்துரைத்தார். எகிப்திய அறிஞர் அன்வர் அப்துல் மாலிக் 1963இலேயே எழுப்பிய குரல் இதனால் உலகெங்கும் கேட்டது. 1982இல் பெர்னார்டு லூயிஸ் விடையிறுத்தார். குடியேற்ற நாடுகள் எவையும் இல்லாத செருமானியரும் அங்கேரியருமே இத்துறையின் பெரும்பகுதியைக் கட்டினர்; அவர்களைச் சையத் போதிய அளவு பேசவில்லை என்பது அவர் தடைகளுள் ஒன்று. செருமனிக்கு 1880களுக்குப் பின் குடியேற்றங்கள் இருந்தமையின் அவ்விடையும் முழுமையன்று. ஆயினும் கோல்ட்சிஹரை மியூரோடு ஒரே தட்டில் வைக்க இயலாது என்ற அளவில் அது வலிவுடையது. 1981இல் சிரிய சிந்தனையாளர் சாதிக் அல்அசும் மற்றோர் எச்சரிக்கை விடுத்தார்: கீழை வேறு, மேலை வேறு என்ற பழைய பிளவை ஏற்றுக்கொண்டு, இழிவை மட்டும் மறுபக்கம் திருப்பிவிடுவது விடுதலையாகாது என்றார்.

தோலேடுகள் சொல்லும் சாட்சி

1977இல் இலண்டன் அறிஞர் ஜான் வான்சுபரோ, திருக்குர்ஆன் இன்றைய வடிவம் பெற நபிகளுக்குப் பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின என்னும் கருத்தை வெளியிட்டார். மறுத்தவர்களின் சினத்தால் அக்கருத்து வீழவில்லை, ஏடுகளால் தளர்ந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருந்த திருக்குர்ஆன் தோலேடு ஒன்றின் காலம் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது எனக் கதிரியக்கக் கரிம ஆய்வு காட்டியதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. எழுத்தின் காலம் தோலின் காலத்திற்குச் சற்றுப் பிற்பட்டதாயினும், இரு நூற்றாண்டு என்னும் கணக்கிற்கு இடம் சுருங்கிவிட்டது.

ஏமன் நாட்டின் சனஆப் பெரிய பள்ளிவாசலில் 1972இல் கண்டெடுக்கப்பட்ட ஏடுகளுள் ஒன்று மறுபக்கமும் பேசுகிறது. அதில் அழித்தெழுதப்பட்ட மேல் எழுத்தின் கீழே, வழக்கிலுள்ள பாடத்தினின்று சிற்சில இடங்களில் வேறுபடும், அத்தியாய வரிசையும் மாறியுள்ள மற்றொரு பாடம் காணப்படுகிறது. தொன்மையை ஐயுற்றோர்க்கும், பாட வரலாறே இல்லை என்போர்க்கும் ஏடுகள் ஒருசேர விடை தருகின்றன. சான்று எவர்க்கும் கையாளாக நிற்பதில்லை.

அல்பிரூனி காட்டிய வழி

ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே இவ்வழக்கின் திசையை மாற்றிக் காட்டியவர் ஒருவர் உண்டு. கசினி மாமூதின் அவையைச் சேர்ந்த அல்பிரூனி, வடமொழி கற்று, ஏறத்தாழ 1030இல் இந்தியரின் சமயமும் அறிவியலும் குறித்து எழுதினார். பிறர் கொள்கையை எழுதுவோர் அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகத் திரிப்பதைக் கண்டித்தே அந்நூல் தொடங்குகிறது. இந்தியரின் கூற்றுகளை அவர்தம் நூல்களினின்றே எடுத்துத் தருகிறார்; கிரேக்கரின் கொள்கைகளோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார். தம் அரசரின் படையெடுப்புகள் நாட்டின் வளத்தை அழித்தமையையும், அதனால் விளைந்த வெறுப்பையும் மறைக்காமல் பதிவு செய்கிறார். அதே நூலில், இந்திய வானநூலில் உயர்ந்த கணிதமும் பாமர நம்பிக்கையும் பிரிக்கப்படாமல் கிடப்பதைக் கடுமையாகச் சாடவும் செய்கிறார்.

இந்து சமயத்திற்கு அல்பிரூனி அயலார். அவர் விமரிசனம் கடுமையானது. எனினும் அந்நூலை இந்திய வரலாற்று மாணவர் எவரும் பகைநூலாகப் படிப்பதில்லை. இஸ்லாத்தை ஆராய முற்படும் அயலார்க்கு அளவுகோல் வேண்டுமெனின், அதனை இஸ்லாமிய உலகமே முன்னரே செய்தளித்துள்ளது. மொழியைக் கற்றல், மூலத்தை எதிர்க்கட்சியின் வாய்மொழியாகவே நிறுத்துதல், தம் பக்கத்துக் குற்றத்தை மறையாமை, பின்னர் அஞ்சாது மறுத்தல் என்பன அதன் கூறுகள்.

விமரிசிக்கும் உரிமை பிறப்பால் வருவதும் அன்று, பிறப்பால் மறுக்கப்படுவதும் அன்று. அது உழைப்பால் ஈட்டப்படுவது. ஈட்டியவனும் விடை கேட்கக் காத்திருக்க வேண்டும். சையத் அகமது கானைப்போல் விடையளிப்பவனும் நூலுக்கு நூலையே ஏந்தி வரவேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தவிடத்தெல்லாம் அறிவு வளர்ந்திருக்கிறது. நிகழாதவிடத்தில் புறாக் கதைகள் வளர்ந்திருக்கின்றன. சான்று எங்கே எனக் கேட்க ஒரு போக்காக் வரும்வரை அவை பறந்துகொண்டேயிருக்கும்.